கெட்டியாச்சுன்னு நான் சொன்ன சொல்

தம்பி,

உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருசம் ஆச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப எழுதினதுதான் கடைசின்னு நினைக்கிறேன். போன்ல பேசலாமேன்னு கேப்ப. போன்ல உன்கிட்ட என்னத்தப் பேச? நான் ஒரு வார்த்தை ஆரம்பிக்கிறதுக்குள்ள நீ "சரிப்பா, புரியுதுப்பா, மீட்டிங் இருக்குப்பா"ன்னு மூணு வார்த்தை சொல்லி வச்சிருவ. மூணு நாள்ல நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டேன். அதனாலதான் உன் பழைய நோட்டுல மிச்சம் கெடந்த தாளைக் கிழிச்சு எழுத உட்கார்ந்திருக்கேன். முடிச்சதும் பக்கம் பக்கமாப் போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்புவேன். கோணலா இருந்தா போனைத் திருப்பிப் படிச்சுக்க. குறுக்கப் பேச முடியாதில்ல, எனக்கு அது போதும்.

போன ஞாயித்துக்கிழமை வீடியோவுல வந்து, "அப்பா, ஒண்ணு காட்டுறேன், ஷாக் ஆகாதீங்க"ன்ன. வர்ற தையில கல்யாணம் வச்சிருக்கிற பையன், பட்டுவேட்டிதான் எடுத்துட்டான் போலன்னு நானும் உங்கம்மாவும் தலையை முட்டிக்கிட்டுப் பார்த்தோம். நீ துப்பாக்கியத் தூக்கிக் காட்டுற! அதுவும் வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி, ஆனா ஒரு முழம்கூட இல்லாத கைத்துப்பாக்கி. ஏதோ ஒரு பெரியவர் வீட்டைக் காலி பண்ணும்போது, அவர் பாதி செஞ்சு விட்ட சாமான் பெட்டி ஒண்ணு சல்லிசா வந்துச்சுன்ன. கடையில முழுசா வாங்கினா நாலு மடங்கு ஆகும், அதனால தேடித் தேடி இதைப் பிடிச்சு, நாலு ஞாயிறு உட்கார்ந்து கட்டையை உப்புத்தாள் போட்டு இழைச்சு, எண்ணெய் விட்டு, குழலுக்கு நிறம் ஏத்தி, நீயே மாட்டினேன்ன. நீ இருக்கிற நாட்டுல பழைய மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ்கூட வேண்டாம்னு வேற சொன்ன. நான் வாயப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பா வருதா, பயமா வருதா, பெருமையா வருதான்னு ஒண்ணும் பிடிபடல. இன்னைக்கு வரைக்கும் பிடிபடலன்னு வச்சுக்கயேன்.

எங்க குழப்பத்தையும் நீ கொஞ்சம் புரிஞ்சுக்கணும். நம்ம பெரும்பாறைப் பக்கம் இந்த மாதிரித் துப்பாக்கிய யாரு வச்சிருந்தாங்க? தோட்டா போடுற துப்பாக்கிக்கு வக்கில்லாதவன் வச்சிருந்தான். காட்டுப்பன்னி வந்து மரவள்ளியத் தோண்டிப் போட்டுட்டுப் போகும், அதுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து லைசென்ஸ் வாங்கி வச்சிருந்தான். நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். அதை யாராவது ஆசைக்கு வச்சுக்குவான், அதுக்குன்னு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து இழைப்பான்னு சொன்னா இங்க ஒருத்தனும் நம்ப மாட்டான். காரு இருக்கு, கைநிறைய சம்பளம் இருக்கு, அப்புறமும் உனக்கு இது எதுக்குடான்னு கேட்டா, "கையால ஒண்ணு செய்யிறது சந்தோசமா இருக்குப்பா"ங்கற. சரி, அதுகூட ஒத்துக்கிறேன். கட்டைய நல்லாத்தான் இழைச்சிருக்க. வரும்போது கொண்டாரட்டுமான்னு ஒரு கேள்வி கேட்ட பாரு, அதுக்குத்தான் உங்கம்மா கத்தினா. ஏர்போர்ட்டுல பிடிச்சு உள்ள வச்சா, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பத்திரிகை அடிச்சுக் குடுக்க?

இதெல்லாம் கெடக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது ரெண்டே ரெண்டு விசயத்துக்கு. நீ அதைத் திருப்பித் திருப்பிக் காட்டும்போது குழல் வாயை உன் உள்ளங்கையில ஊணி வச்சுக்கிட்டு இருந்த. "லே, உள்ள மருந்து கிருந்து இருக்கா?"ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? "எல்லாம் செட்டுப்பா"ன்ன. செட்டுன்னா என்னடா அர்த்தம்? சனிக்கிழமை சுடப் போறதுக்கு மருந்து போட்டுத் தயாரா இருக்குன்னு அர்த்தமா, இல்ல எல்லாம் பத்திரமா இருக்கு, உள்ள ஒண்ணுமில்லன்னு அர்த்தமா? மறுபடி கேட்டேன், நீ சிரிச்சுக்கிட்டே, "அப்பா, மெஷின்னாதான் பயப்படணும். இது பொம்மை மாதிரிப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட. அப்புறம் மெசேஜ் போட்டுக் கேட்டதுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பின. அந்த விரலை வச்சு நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?

மெஷின்னாதான் பயப்படணும்னு சொன்ன பாரு, அதுதான் மூணு நாளா என்னைச் சோறு திங்க விடல. அந்தப் பயத்தை உனக்குக் குடுத்தது நான். பொய் சொல்லிக் குடுத்தேன்.

உங்க மாமா வலது கையில ரெண்டு விரல் இல்லாததை நீ நாலு வயசுலேர்ந்து பார்த்துக்கிட்டு வர்ற. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற நம்ம பல்பர் மெஷின்ல மாட்டிப் போச்சுன்னு நாங்க உனக்குச் சொன்னோம். ஊருக்கும் அதையேதான் சொன்னோம். அதுக்கப்புறம் நான் பல்பரைச் சுத்த ஆரம்பிச்சா நீ என் காலைக் கட்டிக்கிட்டு அழுவ. ஏழாங்கிளாசுல படிக்கும்போது அட்டையில மூடி ஒண்ணு செஞ்சு பல்பர் வாயில மாட்டி வச்ச, ஞாபகம் இருக்கா? உங்க மாமா அதைப் பார்த்துட்டு, "ஏலே மருமகனே, நீ மட்டும் முன்னாலயே பொறந்திருந்தா எனக்கு விரல் மிஞ்சியிருக்கும்லா"ன்னு சிரிச்சான். நான் சிரிக்கல. இன்ஜினியரிங் சேர்றப்பவும், வேலைக்கு இன்டர்வியூ போறப்பவும் மாமா கையைப் பத்தித்தான் சொன்னேன்னு நீ பெருமையாச் சொல்லுவ. இன்னைக்குத் தொழிற்சாலை மெஷினுக்கெல்லாம் காவல் மூடி செய்யிறதுதான் உன் சோலியே. இத்தனைக்கும் அந்தப் பல்பர் ஒரு பாவமும் செய்யல தம்பி. உங்க மாமா விரலை எடுத்தது என் துப்பாக்கி.

மொத்தத்தையும் சொல்லிடறேன். உங்கம்மா தென்காசிப் பக்கத்துக்காரின்னு உனக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்சு அவ இங்க வரும்போது, ஒத்தாசைக்கு அவ தம்பியும், அதான் உங்க மாமா, கூடவே வந்து நம்ம தோட்டத்துலயே தங்கிட்டான். அவங்க ஊர்ல கட்டுறதைக் கெட்டுறதுன்னுதான் சொல்லுவாங்க. மூட்டையைக் கெட்டு, மாட்டைக் கெட்டு, தாலி கெட்டு. இங்க நாங்க துப்பாக்கிக்காரங்க, மருந்தைப் போட்டுக் கோலால இடிச்சு இறுக்குறதைத்தான் கெட்டிக்கிறதுன்னு சொல்லுவோம். வந்த புதுசுல இதை வச்சு வீட்டுல ஒரே கேலிதான். "உங்கக்கா துப்பாக்கிக்குத் தாலி கட்டப் போறாளாம்டா"ன்னு நான் அவனைச் சீண்டுவேன். அவளும் விட மாட்டா, கரண்டியை ஓங்கிக்கிட்டு வருவா.

நீ நாலு வயசா இருக்கும்போது ஒரு தை மாசம் எலெக்சன் வந்துச்சு. எலெக்சன் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் திருப்பி வாங்கணும். நாளைக்குக் கொண்டு போகணும்னு இருக்கிற நிலைமையில, அன்னைக்குச் சாயங்காலம் கீழ்ச்சரிவுல பன்னி நிக்குதுன்னு ஆள் வந்து சொன்னான். மருந்தைக் கெட்டிச்சு, சுத்தியல் மாதிரி அடிக்கிற குதிரைக்குக் கீழ பொறி தட்டுற கேப்பு ஒண்ணையும் மாட்டிக்கிட்டுப் போனேன். பன்னி ஓடிருச்சு. சுடல. அப்படியே கொண்டாந்து, ஈரம் படாம வழக்கமாப் போட்டு வைக்கிற சாக்குக்குள்ள போட்டு, கயித்தைச் சுத்திக் கதவு மூலையில சாத்திட்டேன். உள்ள போன மருந்தை வெளிய எடுக்கணும்னா சரிவைப் பார்த்துச் சுட்டுத் தீர்க்கணும், அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வழி. வெள்ளனே எந்திரிச்சுச் சுட்டுக்கலாம்னு படுத்துட்டேன். அந்தக் கேப்பு ஒண்ணையாவது கழட்டியிருக்கலாம். அது ஒரு நிமிசத்து வேலை.

விடிஞ்சா பழம் பறிக்க ஆள் வந்து நிக்குது. கூடை பத்தல, யாருக்கு எந்த வரிசைச் செடின்னு நிரை பிரிக்கிறதுல ரெண்டு பொம்பளைங்களுக்குள்ள சண்டை, நான் அதுல நின்னுக்கிட்டிருந்தேன். ஜீப்பு வந்து ஹாரன் அடிக்குது. அடுப்படியிலேர்ந்து உங்கம்மா சத்தம் போட்டுக் கேட்டா, "ஏங்க, துப்பாக்கியக் கெட்டியாச்சா?" நான் திரும்பிக்கூடப் பார்க்கல. "கெட்டியாச்சு, கெட்டியாச்சு, நேத்தே ஆச்சு"ன்னேன். அவ தம்பியைக் கூப்பிட்டு, "அத்தான் கெட்டி வச்சிட்டாராம், எடுத்து ஜீப்புல வையி"ன்னா. அவன் போயிப் பார்க்கிறான், சாக்கு இருக்கு, கயிறு சுத்தியிருக்கு. அவனுக்குச் சந்தேகம் வர என்ன இருக்கு? குழல் வாயைக் கையால பிடிச்சு, ஜீப்புக்குள்ள நின்னுக்கிட்டு மேல இழுத்திருக்கான். சாக்கோட சேர்ந்து குதிரை எங்கயோ இரும்புல மாட்டி விட்டிருக்கு. சத்தம் கேட்டு ஓடிப் போறேன், அவன் கையை வேட்டிக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டு, "ஒண்ணுமில்ல அத்தான், ஒண்ணுமில்ல அத்தான்"ங்கறான். வேட்டி முழுக்க ரத்தம். நீ படியில நின்னு பார்த்துக்கிட்டிருந்த. உன்னைத் தூக்கிக்கிட்டுப் போயி மரத்துக்குப் பின்னால நிறுத்தச் சொன்னேன்.

அதே ஜீப்புல ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. துப்பாக்கின்னு சொன்னா கேசு, லைசென்ஸ் போகும், நான் உள்ள போகணும், பறிப்புக் காலம், நீ சின்னப் பிள்ளை. இதெல்லாம் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு, நான் வாயைத் திறக்கல. அந்த வலியில, பல்லைக் கடிச்சுக்கிட்டு அவன்தான் சொன்னான், "பல்பர்ல மாட்டிக்கிட்டு சார்"னு. கேட்டவரு அவன் கையையும் பார்த்தாரு, என் மூஞ்சியையும் பார்த்தாரு. அப்புறம் எழுதிக்கிட்டாரு. நான் தலையாட்டினேன். இருபத்தேழு வருசமா அதே தலையைத்தான் ஆட்டிக்கிட்டு இருக்கேன். எலெக்சன் முடிஞ்சு துப்பாக்கியத் திருப்பி வாங்கப் போகவே எனக்கு மனசில்ல, லைசென்சையும் சரண்டர் பண்ணிட்டேன். புதுப்பிக்க அலைய முடியலன்னு உன்கிட்டச் சொன்னது ரெண்டாவது பொய்.

இப்ப மூணாவது பொய்க்கு வாரேன். இதுதான் பெருசு. வீட்டுக்குள்ள நாங்க மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டது என்னன்னா, வார்த்தைக் குழப்பத்துல நடந்து போச்சுங்கறது. அவ கட்டியாச்சான்னு கேட்டா, நான் கெட்டிச்சாச்சான்னு கேக்கிறான்னு நினைச்சு ஆமான்னேன், யார் மேலயும் தப்பில்ல. உங்கம்மா அப்படி எடுத்துக்கல. தன் நாக்குதான் தம்பி கையைக் கெடுத்துச்சுன்னு முடிவு பண்ணிட்டா. அன்னையிலேர்ந்து அந்த வார்த்தையை அவ வாயில எடுக்கிறதே இல்ல. 'கட்டி', 'கட்டு'ன்னு ரேடியோவுல செய்தி வாசிக்கிறவங்க மாதிரி அழுத்திச் சொல்லுவா. நீ சின்னப் பிள்ளையில "அம்மா மட்டும் இங்கிலீஷ் மீடியம் தமிழ் பேசுது"ன்னு கிண்டல் பண்ணுவ, அவளும் சிரிப்பா. நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

ஏன்னா எனக்குக் குழப்பம் ஒண்ணும் வரல தம்பி. கல்யாணம் ஆகி ஆறு வருசம். அவ கெட்டுறதுன்னா கட்டுறதுன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டேஷனுக்குக் கொண்டு போக, மருந்தைத் தீர்த்துச் சாக்குல போட்டுக் கட்டியாச்சான்னுதான் கேக்கிறான்னு அந்த நிமிசமே புரிஞ்சது. உள்ள மருந்து இருக்குன்னும் ஞாபகம் வந்துச்சு. இந்தச் சண்டையை முடிச்சிட்டுப் போயிச் சுட்டுத் தீர்த்துக்கலாம், அதுவரைக்கும் இவ நச்சரிக்காம இருக்கட்டும்னு 'ஆச்சு'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். சோம்பேறித்தனம். நடுவுல சில வருசம், இல்ல, எனக்கும் நிஜமாவே குழம்பித்தான் போச்சோன்னு நானே என்னை நம்ப வச்சுக்கப் பார்த்திருக்கேன். சில நாள் நம்பியும் இருக்கேன். வயசு அறுபத்தெட்டு ஆகுது, எது நடந்தது, எது நான் சொல்லிச் சொல்லி நடந்த மாதிரி ஆனதுன்னு சிலது கலங்கித்தான் கெடக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை நீ குழல் வாயில கையை வச்சதும் அந்தக் காலை அப்படியே தெளிவா வந்து நின்னுருச்சு.

நேத்து உங்க மாமா நடத்துற டீக்கடைக்குப் போயி விசயத்தைச் சொன்னேன். "தம்பிகிட்டச் சொல்லிறலாம்னு இருக்கேன்"னேன். அவன் கிளாசைக் கழுவிக்கிட்டே, "கல்யாணத்தை வச்சுக்கிட்டு இப்ப எதுக்கு அத்தான்? அவன் என் கையைப் பார்த்துத்தான் அந்தப் படிப்பே படிச்சான். அதையும் இல்லன்னு ஆக்கப் போறீயளா?"ன்னான். நீ துப்பாக்கி வாயில கை வச்ச கதையைச் சொன்னதும் கிளாசைக் கீழ வச்சிட்டான். அப்பத்தான் எனக்குக் குழப்பமே வரலங்கறதையும் சொன்னேன். "எனக்குத் தெரியும் அத்தான்"னான். "எப்படா தெரியும்?"னேன். "ஆஸ்பத்திரியில உங்க மூஞ்சியப் பார்த்தப்பவே தெரியும். ஏதோ வார்த்தை மாறிப் போச்சுன்னா மனுசன் அப்படி முழிக்க மாட்டான்"னான். அப்புறம் கோவமா ஒண்ணு சொன்னான்: "என்கிட்ட நீங்க சொல்ல வேண்டாம். எங்கக்காகிட்டச் சொல்லுங்க. அவ என்ன பாவம் பண்ணுனா?" டீ குடிக்கிறீயளான்னுகூட அவன் கேக்கல. எனக்கும் குடிக்கத் தோணல.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கா இல்லையான்னு தெரியல, ஆனா கல்யாணம் பண்ணப் போற பிள்ளைகிட்ட அப்பன் ஒண்ணாவது சொல்லணுமில்ல. உன் பொண்டாட்டி அடுத்த ரூம்லேர்ந்து எதையாவது கேட்டா, எந்திரிச்சுப் போயிப் பதில் சொல்லு. அவ ஒரு பேச்சு, நீ ஒரு பேச்சு, கேரளாவுல வளர்ந்த பொண்ணு வேற, அவ சொல்றது உனக்கும் நீ சொல்றது அவளுக்கும் பாதிதான் புரியும். புரியலன்னா கேட்டுக்க, அதுல மானம் போகாது. செய்யாத வேலையை 'ஆச்சு'ன்னு மட்டும் சொல்லாத. அது வாயில வர்றதுக்கு ரொம்பச் சுலபமான வார்த்தை. அதைச் சொன்ன அன்னைக்கு எனக்கு எந்தப் பாரமும் தெரியல, என் வீட்டுல ரெண்டு பேரு அதைச் சுமந்திருக்காங்க. உன் படிப்பு பொய்யில ஆரம்பிச்சதுன்னு நினைச்சு நீ மனசு விட்டுறாத. நீ போட்ட மூடியால எவனோ ஒருத்தன் விரலு மிஞ்சியிருக்கும், அது பொய்யில்ல. இப்படிச் சொல்லி என் தப்பைக் கழுவிக்கிறேனோன்னு அதுலயும் எனக்குச் சந்தேகமா இருக்கு.

இனி வர்றது இன்னைக்கு மத்தியானம் எழுதுறது. மேல எழுதின தாளையெல்லாம் முதல்ல உங்கம்மா கையில குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நின்னபடியே படிச்சா. நடுவுல ஒரு பக்கத்தை மறுபடி எடுத்துப் படிச்சா, எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும். திட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். திட்டல. தாளை மேசை மேல வச்சு, காத்துல பறக்காம மிளகு அளக்கிற படியைத் தூக்கி மேல வச்சா. குடையை எடுத்துக்கிட்டு உங்க மாமா வீட்டுக்குப் போயிட்டா. போகும்போது என்னைப் பார்க்கல. சோறு வடிச்சு வச்சிருக்கு, நான் எடுத்துப் போட்டுக்கல. மழை வேற பிடிச்சிருக்கு. சாயங்காலம் வருவாளா, அங்கேயே இருந்துருவாளா, வந்தா என்ன சொல்லுவா, ஒண்ணும் தெரியல. போயிக் கூப்பிடலாமா, கூப்பிட எனக்கு வாய் இருக்கா, அதுவும் தெரியல.

எனக்கு இப்போதைக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் அய்யா. இந்த வரியைப் படிச்ச கையோட எந்திரி. துப்பாக்கியச் சுவரைப் பார்த்துப் பிடி, குழல் வாய்ப் பக்கம் கையோ மூஞ்சியோ வராம. அதுக்குள்ள எதுவும் இருக்கான்னு உனக்கு நிச்சயமாத் தெரியலன்னா அதைத் தொடாத, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. பார்த்தப்புறம் எனக்குப் போன் போடு. கட்டைவிரல் படம் வேண்டாம், செட்டு கிட்டுன்னு ஒண்ணும் வேண்டாம். "அப்பா, உள்ள ஒண்ணுமில்ல, நான் கண்ணால பார்த்துட்டேன்"னு முழுசா வாயைத் திறந்து சொல்லு. அதைக் கேட்டப்புறம் நான் போனை வைக்க மாட்டேன். நீ என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் நிதானமாத் திட்டு.

அப்பா